ராஷ்டிரபதி விருதும் கட்டாமல் போன ஒரு ரசீதும்

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சாரணர் (ஸ்கவுட்) விருதுக்கான என் விண்ணப்பத்தை இரண்டு தடவை புரட்டினார். மூன்றாம் தடவை ஒரு பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு, "2011-12-க்கு உங்க ட்ரூப்பு புதுப்பிச்ச ரசீது எங்க தம்பி?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. இஸ்திரி போட்ட சாம்பல் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். உட்கார்ந்தால் மடிப்பு கசங்கிவிடும் என்று குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். எந்த முடிச்சைக் கேட்டாலும் அங்கேயே போட்டுக் காட்டிவிடலாம் என்ற திமிரில் பையில் கயிறு வேறு வைத்திருந்தேன். ரசீது என்று ஒரு சாதனம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. "சாரு கட்டியிருப்பாங்க" என்றேன். அவர் இன்னொரு பேரேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "கட்டலியேப்பா" என்றார்.

அந்தக் 'கட்டலியே' என் கணக்கில் ஒரு முழு வருஷத்தைத் தின்றது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் ஸ்கவுட்டில் மேலே போக நினைக்கிற பிள்ளைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, முதலுதவி சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, இதைச் சொல்ல ஆள் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சாரணர் பிரிவுக்குப் பத்து வயதிலிருந்து பதினேழு வரை சேரலாம். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான் என்று படிகள். அதற்கு மேலே ராஜ்ய புரஸ்கார், நம் பக்கத்தில் ஆளுநர் விருது என்பார்கள். கடைசிப் படி ராஷ்டிரபதி விருது, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ். ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குப் போக இத்தனை மாதம் கழிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நடுவில் ஒரு படி ஆடினால் மேலே உள்ளதெல்லாம் ஆடும். அதோடு உங்கள் பள்ளியின் சாரணர் படையும் (ட்ரூப்) வருஷா வருஷம் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு 30 ரூபாய் வாங்கினார்கள். வாங்கியது உண்மை, நான் என் கையால் கொடுத்தேன். அந்த வருஷம் எங்கள் ஸ்கவுட் சாருக்கு நடுவில் மாறுதல் வந்துவிட்டது. பணம் ஏதோ ஒரு மேசை டிராயரில் கவருக்குள் இருந்திருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு அது என்ன பணம் என்று தெரியவில்லை. யாரும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பதிவு இல்லாத வருஷத்தில் நான் முடித்த திரிதீய சோபான் கணக்கில் வராமல் போனது.

நான்கு நாள் வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள் போனால் காலை பத்து மணிக்குத்தான் திரும்புவார். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அந்தக் காசில் 850 ரூபாய்க்கு எனக்கு யூனிஃபார்ம் தைத்திருந்தார். சட்டையில் பேட்ஜ்களை அம்மை கையாலேயே தைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்பக்கத்துப் பலா மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்ப்பேன். கடைசியில் அம்மைதான் கண்டுபிடித்தாள். "மக்களே, அந்தக் கயிறு உனக்கு என்ன செய்தது?" என்றாள். அழுதுவிட்டேன்.

என்னிடம் இப்போது யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதுதான். பள்ளிக்கூடம் திறந்த முதல் பருவத்துக்குள் படைப் பதிவு புதுப்பித்த ரசீதைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வரும். சாரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். "சாரே, லாக் புக்கில் ஒட்டணும், ஒரு காப்பி தருவீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். லாக் புக் என்றால் ஸ்கவுட்டில் செய்ததையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டு. அதில் உங்கள் படையின் பெயர், வருஷம், எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். இருபத்து நான்கு பேர் இருக்கிற படையில் பதினாறு பேருக்குக் கட்டியிருந்தால் அந்தப் பதினாறில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அடுத்தது, ஏ.பி.ஆர்.ஓ. என்று ஒரு விதிநூல் உண்டு. சாரணருக்கு இரண்டாம் பாகம், சாரணியருக்கு மூன்றாம் பாகம். எந்தப் படிக்கு என்ன செய்ய வேண்டும், எத்தனை மாதம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சீனியர் அண்ணன் சொன்னான் என்று நம்பாமல் இப்போது நடப்பில் இருக்கிற பதிப்பை யாரிடமாவது வாங்கி ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். நான் பார்த்த முதல் பிரதி எனக்கு முன்னால் இரண்டு தலைமுறை ஸ்கவுட்கள் புரட்டியது.

ஆக, ஒன்பதாம் வகுப்பில் முடிக்க வேண்டிய ராஜ்ய புரஸ்கார் பத்தாம் வகுப்புக்குத் தள்ளிப்போனது. பத்தாம் வகுப்பு என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். கேம்புக்குப் போக அனுமதி கேட்டபோது ஒரு ஆசிரியை, "கயிறு கட்டினா மார்க் போடுவாங்களாடே?" என்று வகுப்பில் வைத்தே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாறசாலையில் இருக்கிற என் பெரியம்மை மகனுக்கு மார்க் போட்டார்கள். கேரளத்தில் ஸ்கவுட்டுக்குக் கிரேஸ் மார்க் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் அது இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம் என்று வருஷா வருஷம் லீவு விட்டுக் கொண்டாடுகிற கன்னியாகுமரி மாவட்டம் எங்களுடையது, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். வகுப்பே சிரித்த அந்த ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வயிறெரிந்தது. அப்பா வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேம்புக்கு விட்டார்கள். உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்தால் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ராஜ்ய புரஸ்கார் ஒன்பதாம் வகுப்புக்குள் முடிகிற மாதிரி போனால் பத்தில் இந்த இழுபறி வராது.

அந்தக் கேம்பில் எனக்கு ஒரு அவமானம். பயனியரிங் திட்டம் என்று மூன்று கால் நட்டு மேலே மேடை கட்ட வேண்டும். மூங்கில் கிடைக்காமல் பச்சைக் கமுகு வெட்டிக்கொண்டு வந்தோம். அணித்தலைவன் நான். அப்போது நல்ல மழை. கயிறும் நனைந்து, கமுகும் வழுவழுவென்று இருந்தது. கிளவ் ஹிட்ச் என்கிற முடிச்சில் தொடங்கி, மூன்று சுற்று சுற்றி, இடையில் இரண்டு சுற்று இறுக்கி, கிளவ் ஹிட்சில் முடித்து, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி செய்தோம். மறுநாள் வெயில் அடித்தது. காய்ந்த கயிறு தளர்ந்து, பார்க்க வந்தவர்கள் முன்னால் மேடை ஒரு பக்கமாக மெல்ல உட்கார்ந்தது. விழவில்லை. வயசானவர்கள் திண்ணையில் உட்காருவது போல மெதுவாக உட்கார்ந்தது. நனைந்த கயிறு இறுகியிருப்பது போலத் தோன்றும், காய்ந்ததும் விட்டுக்கொடுக்கும். மழையில் கட்டினால் மறுநாள் காலையில் ஒவ்வொரு கயிற்றுக் கட்டையும் தொட்டுப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், கேம்பெல்லாம் பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் வந்து மாட்டும்.

அந்த அவமானத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது குளச்சல் பையன் ஒருவன். ஷீட் பெண்ட் முடிச்சை இருட்டில் போடச் சொன்னார்கள். பருமன் வேறான இரண்டு கயிறுகளை இணைக்கிற முடிச்சு அது. தடித்த கயிற்றை மடக்கி வைத்து மெல்லியதை அதற்குள் விட்டுச் சுற்ற வேண்டும். எனக்குப் பதற்றத்தில் எது தடித்தது என்றே விரலுக்குத் தெரியவில்லை. அவன் என் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று போட்டுவிட்டான். எப்படி என்று கேட்டால், "எங்க அப்பா வலை பொத்துவாரு இல்லியா, ஒவ்வொரு கண்ணிலும் விழுறது இதுதானே" என்றான். வீட்டில் போய்ப் பழைய வலைத்துண்டு ஒன்றைப் பார்த்தேன். உண்மைதான். அன்றிலிருந்து அந்த முடிச்சை எந்தப் படத்தையும் பார்க்காமல் போடுவேன்.

ராஜ்ய புரஸ்கார் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். சேர்ந்து இரண்டாம் வாரம்தான் கேட்டேன், அங்கே ஸ்கவுட்டே கிடையாது. இது இரண்டாவது பள்ளம், இதிலும் கண்ணைத் திறந்துகொண்டேதான் விழுந்தேன். பழைய பள்ளியில் போய்க் கேட்டால், "டி.சி. வாங்கிட்டுப் போன பிள்ளையை எங்க கணக்கில எப்பிடி வைக்க?" என்றார்கள். நியாயம்தான். எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகளுக்கு ஓபன் குரூப் என்று ஒன்று உண்டு என்பதை ஒரு கேம்பில் பழக்கமான அண்ணன் சொன்னான். நாகர்கோவிலில் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியது. குலசேகரத்தில் பஸ் ஏறி, தக்கலை வழியாக வடசேரியில் இறங்கி, அங்கிருந்து நடக்க வேண்டும். போகவர, ஒரு சாயா, ஒரு ஏத்தன்பழ பஜ்ஜி எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 50 ரூபாய். ஐந்தாறு ஞாயிறு சாயாவை விட்டேன். இந்த இடைவெளியில் நான்கு மாதம் நான் எந்தப் படையிலும் இல்லாமல் இருந்தேன். அதற்கு விளக்கக் கடிதம் எழுதி, பழைய படையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி, அதை வாங்குவதற்கு மூன்று தடவை அலைந்தேன். பள்ளி மாறுகிறவர்கள் டி.சி. வாங்கும் அன்றைக்கே ஸ்கவுட் மாற்றுக் கடிதமும் வாங்கிவிடுங்கள். அன்றைக்கு எல்லோருக்கும் உங்கள் முகம் தெரியும். மூன்று மாதம் கழித்துப் போனால் வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது.

லாக் புக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ராஷ்டிரபதிக்குப் போகும்போது உங்களுக்குப் பதில் பேசப்போவது அந்த நோட்டுதான். திறமைச் சின்னங்கள், கேம்ப், ஹைக் என்கிற நடைப்பயணம், சமூக சேவை எல்லாம் தேதியோடு, படத்தோடு, கையெழுத்தோடு இருக்க வேண்டும். நான் செய்த முதல் தவறு, மூன்று மாத வேலையை ஒரு ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது. ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, மை பேனா. ஐப்பசி மழையில் வடசேரியில் பஸ்ஸுக்காக நின்றபோது பை நனைந்தது. வீட்டில் வந்து திறந்தால் பாதிப் பக்கங்களில் நீலக் குளம். திற்பரப்பிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் வரை நடந்த ஹைக்கின் வரைபடம் முழுசாகக் கரைந்திருந்தது. பாலத்தின் உயரம் 115 அடி என்று பெரிசாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன், அடிக்கோடு மட்டும் மிச்சம். அம்மை ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கி, தாள் தாளாக விரித்து, அடுப்புக்கு மேலே ரப்பர் ஷீட் காயப்போடுகிற கம்பில் தொங்கவிட்டாள். இரண்டு நாள் ஷீட்டோடு ஷீட்டாகப் புகை குடித்தது. காய்ந்தது. ஆனால் நோட்டு முழுக்க மஞ்சள் ஏறி, திறந்தால் கருவாட்டுக் கடையும் ரப்பர் கடையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம்.

கரைந்த பக்கங்களை மறுபடி எழுதுவது பெரிய வேலையில்லை. கையெழுத்துகளை மறுபடி வாங்குவதுதான் உயிர்போகிற வேலை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார், ஒருவர் திருநெல்வேலிக்கு மாறிப்போயிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். நிகழ்ச்சி நடந்த அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். வாங்கிய பக்கத்தை அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். எனக்கு அப்போது போட்டோ எடுக்கிற போன் இல்லை, ஜெராக்ஸ் கடை இருந்தது. 60 ரூபாயில் முடிந்திருக்கும் காரியத்துக்குத் திருநெல்வேலி போய் வந்தேன்.

சமூக சேவைக்கு நான் எடுத்தது எழுத்தறிவு. எங்கள் ஊரில் வயதான பால்வெட்டுக்காரர்கள், பீடி சுற்றுகிற பெண்கள் என்று ஆறு பேருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். பேங்கில் கைநாட்டு வைக்கிற வெட்கம் அவர்களுக்கு உள்ளே இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவார்கள். ஒரு பாட்டி நான்கு மாதத்தில் அழகாகத் தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். என் லாக் புக்கில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "இது கவர்மெண்டு நோட்டு, நான் பிழை போட்டா உனக்குக் கெட்டுப் போகும்" என்று பயந்து, கட்டை விரலை நீட்டிவிட்டாள். எழுத்தறிவுத் திட்டத்துக்குச் சாட்சி கைநாட்டு. அதை அப்படியே விட்டு, கீழே நடந்ததை எழுதி வைத்தேன். பின்னால் சோதனையில் நோட்டைப் பார்த்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்தப் பக்கத்தில்தான்.

2015 தொடக்கத்தில் ராஷ்டிரபதி விருதுக்கான டெஸ்ட் கேம்ப், வேறு மாவட்டத்தில். அப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலம், அதனால் பள்ளியில் ஒன்றும் சொல்லவில்லை. பழைய யூனிஃபார்ம் கையில் ஏறாமல் 1,150 ரூபாய்க்குப் புதுசு தைத்தோம். அந்த ஒரு வருஷம் வீணாகாமல் இருந்திருந்தால் பழையதிலேயே முடித்திருக்கலாம் என்று அப்பா சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. ராஷ்டிரபதிக்கு ஏதோ புதுப் புதுக் கேள்வியாக வரும் என்று நினைத்துப் போனேன். பாதிக்கு மேல் பிரவேஷிலும் பிரதம சோபானிலும் படித்ததையே திருப்பிக் கேட்டார்கள். சாரணர் சட்டத்தைச் சொல்லு, உறுதிமொழியைச் சொல்லு, கொடியை மடித்துக் காட்டு. மேல் படிக்குப் போனவன் கீழ்ப் படியை மறந்துவிட்டான் என்று காண்பிப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி.

உயரம் அளக்கச் சொன்னபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் எங்கள் வீட்டுத் தென்னையில் பழகியிருந்தேன். மரத்திலிருந்து ஒரே அளவாகப் பதினோரு கம்பு தூரம் போய் அங்கே ஒரு கம்பை நட வேண்டும். இன்னும் ஒரு கம்பு தூரம் தள்ளி, கன்னம் மண்ணில் படப் படுத்து, மர உச்சி கம்பில் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பில் எத்தனை அங்குலமோ மரம் அத்தனை அடி. பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கு, அவ்வளவுதான். எங்கள் தென்னை 47 அடி என்று வந்தது. தேங்காய் வெட்ட ஏறிய மாமாவிடம் உச்சியிலிருந்து கயிற்றைத் தொங்கவிடச் சொல்லி அளந்தால் 45. "இதுக்குப் போயா மண்ணில உருண்டே? என்கிட்டே கேட்டா சொல்லியிருப்பேனே" என்றார். கேம்பில் தண்ணீர்த் தொட்டியை அளக்கச் சொன்னார்கள். புது யூனிஃபார்மோடு யோசிக்காமல் மண்ணில் படுத்தது நான் ஒருவன்தான்.

முதலுதவியில் மாட்டிக்கொண்டேன். பாம்பு கடித்தால் என்ன செய்வாய் என்று சோதனை எடுத்தவர் கேட்டார். பழைய கைடில் படித்தபடி, கடிவாய்க்கு மேலே இறுக்கக் கட்டுவேன் என்றேன். அவர் என்னை அப்படியே நிறுத்தினார். "கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பது போல அசையாமல் வை. ஆளை நடக்க விடாதே. விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். ரப்பர் விளையில் வளர்ந்த எனக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு துண்டுக் கயிறு செருகியிருப்பார், பாம்பு கடித்தால் கட்ட. "அப்போ இது?" என்றார். "ஆட்டைக் கட்டுங்க" என்றேன். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாருக்காவது கடித்தால் கட்டுப் போடாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கிறார்கள். விருதால் வந்த லாபம் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

லாக் புக்கைப் பார்த்தவர் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னப்பா இது, தீப்பிடிச்ச வீட்டிலிருந்து எடுத்த மாதிரி?" நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைப்பார்கள் என்பதே தெரியாது. பால் எடுப்பது, ஆசிட் விட்டு உறைய வைப்பது, ரோலரில் போடுவது என்று பத்து நிமிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் போய்விட்டது.

தேறிவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவது பள்ளம். நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்குப் (T) பின்னால் ஒரு எச் (H) போடுவதா வேண்டாமா என்று ஒரு தீராத வழக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழில் எச் இருந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் எச்சை விட்டுவிட்டார், விண்ணப்பத்தை நிரப்பிய நான் அன்றைய மனநிலைக்கு எச் போட்டேன். ராஷ்டிரபதி சான்றிதழ் ஒரு பெயரில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இன்னொரு பெயரில். திருத்தித் தரக் கேட்டு எழுதி, காத்திருந்து, மறுபடி எழுதி, ஏழு மாதம் ஆனது. முதல் படிவம் நிரப்பும் நாளிலேயே மதிப்பெண் சான்றிதழில் எப்படி வரப்போகிறதோ, அதாவது பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ, அந்த எழுத்தைப் பார்த்து எழுதுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதும் அதே மாதிரி. இன்னொன்று, தில்லிக்குப் போய் ஜனாதிபதி கையால் வாங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு மாநிலம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அம்மை ஊரெல்லாம் "தில்லிக்குப் போறான்" என்று சொல்லிவைத்திருந்தாள். அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மொத்தச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு யூனிஃபார்ம், கேம்ப் கட்டணங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ், கயிறு, ஜெராக்ஸ், திருநெல்வேலி, பெயர் திருத்தம் என்று 11,400 ரூபாய். அதில் ஏறக்குறைய 4,000 ரூபாய் விவரம் தெரியாததால் போனது.

கடைசி ஏமாற்றம் அதற்கும் பிறகு. ரயில்வேயில் ஸ்கவுட் ஒதுக்கீட்டில் வேலைக்கு அழைப்பு வரும், ராஷ்டிரபதி வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம். நானும் போட உட்கார்ந்தேன். விருது மட்டும் போதாது. ஐந்து வருஷம் தொடர்ந்து இயக்கத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும், தேசிய அளவில் இரண்டு நிகழ்ச்சி, மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சி கலந்துகொண்டிருக்க வேண்டும். மாநில அளவில் எனக்கு நான்கு இருந்தது. தேசிய அளவில் ஒன்றுதான். இரண்டாவதுக்குப் போக வாய்ப்பு வந்தபோது, விருதுதான் வரப்போகிறதே, இனி எதற்கு என்று நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பயணச் செலவு 1,800 ரூபாய் மிச்சம் பிடித்ததாக அன்றைக்கு வீட்டில் பெருமைப்பட்டோம். விருது கையில் வந்ததும் பிள்ளைகள் ஸ்கார்ஃபைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழற்றாமல், சாரணர் வயதைத் தாண்டியவர்களுக்கான திரிசாரணர் (ரோவர்) பிரிவில் பதிவைத் தொடருங்கள், கிடைக்கிற ஒவ்வொரு சான்றிதழையும் வாங்குங்கள்.

இந்த ஜூனில் பக்கத்து விளையில் இருக்கிற பையன் அவன் அம்மையோடு வந்தான். ஏழாம் வகுப்பு, துவிதீய சோபானுக்குப் படிக்கிறான். என் லாக் புக்கைப் பார்க்க வேண்டுமாம். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பத்து வருஷம் ஆகியும் வாசம் போகவில்லை. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டே பக்கம் பக்கமாகத் திருப்பி, பாட்டியின் கைநாட்டில் போய் நின்றான். அவன் கொண்டுவந்த படிவத்தை நான் வாங்கிப் பார்த்தேன். பெயரில் எச் இருந்தது. "பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அம்மையும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனாவை மூடி அவனிடமே கொடுத்து, நாளைக்கு ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வா, அப்படியே இந்த வருஷத்து ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினேன்.